வெயில் படும் கன்னம்

எங்கள் பணிமனையில் அவருக்கு வெயிலண்ணன் என்று பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர் உண்டு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பத்தோரு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார், வம்புக்குப் போக மாட்டார், வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்ப்பார். ஒரு விபத்து கிடையாது, பயணிகளிடமிருந்து ஒரு புகார் கிடையாது. இப்படிப்பட்ட ஆளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், அவருடைய வலது கன்னம் இருக்கிறது.

நான் அங்கே பட்டியல் எழுதுகிறவன். எனக்கு பஸ் ஓட்டத் தெரியாது, சைக்கிளிலேயே தடுமாறுவேன். ஆனால் நாற்பத்திரண்டு ஓட்டுநர்களும் நான் எழுதியபடிதான் போக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு பட்டியல், கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. பட்டியல் நாளில் ஓட்டுநர்கள் சர்வீஸ் வரிசைப்படி என் மேஜைக்கு முன்னால் நிற்பார்கள். மூத்தவர் முதலில் தனக்கு வேண்டிய வண்டியைச் சொல்வார், நான் எழுதுவேன், அடுத்தவர் வருவார். அன்றைக்கு நேரில் வராதவன் வரிசையின் கடைசிக்குப் போவான், மிச்சம் இருக்கிறதை எடுத்துக்கொள்வான். காய்ச்சல், கல்யாணம், எதுவும் காரணம் ஆகாது.

இந்த விதிகளை எழுதியதும் நான்தான். நான் வேலைக்கு வந்த புதிதில் பட்டியல் நாள் என்றால் சட்டை கிழியும். யார் யாருக்கோ வேண்டியவன், யாரோ போனில் சொன்னான் என்று ஒரே ரகளை. ஒரு தாளில் ஒன்பது விதிகளை டைப் அடித்து மேலாளரிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக ஒரு சண்டை இல்லை. என் பட்டியலில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குளிர்காலப் பட்டியலில் எல்லோருடைய கண்ணும் ஏரிக்கரை வண்டி மேல்தான். அந்த வண்டி காலையில் வடக்கே போகும். அப்போது சூரியன் கிழக்கில், அதாவது ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் வலப்பக்கம். பிற்பகலில் தெற்கே திரும்பும். சூரியன் மேற்கில், மறுபடியும் வலப்பக்கம். பாதி தூரம் ஏரியை ஒட்டிய சாலை, மரமோ கட்டடமோ கிடையாது. ஆகாயத்திலிருந்து வருவது போதாதென்று தண்ணீரிலிருந்தும் வெளிச்சம் எழும்பி வரும். எங்கள் வண்டிகளில் சூடேற்றும் கருவி என்று ஒன்று உண்டு. அது பயணிகளின் முழங்காலை லேசாக விசாரித்துவிட்டு நின்றுவிடும், ஓட்டுநர் இருக்கை வரை வராது. விடியற்காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டால் ஐஸ் கட்டியைத் தொட்ட மாதிரி இருக்கும். அந்தக் குளிரில் நாள் முழுக்க ஒரு பக்கமாவது வெதுவெதுப்பாக இருப்பது என்பது பெரிய வரம். மற்ற வண்டிக்காரர்கள் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். ஏரிக்கரைக்காரர் மட்டும் மதியத் தூக்கம் போட்டு எழுந்தவர் மாதிரி வந்து இறங்குவார்.

நான் பட்டியல் எழுத வந்த நாளிலிருந்து அந்த ஏரிக்கரைக்காரர் வெயிலண்ணன்தான். சர்வீஸில் முதல் ஆள், முதல் வார்த்தை அவருடையது, அந்த வார்த்தை 'ஏரிக்கரை'. பெயர் வந்ததும் அப்படித்தான். அவருக்கு அடுத்த இடத்தில் நின்றவர் அவருடைய மனைவியின் தம்பி. வெயிலண்ணன் அவரை மச்சான் என்று கூப்பிட, பணிமனை முழுக்க அவர் மச்சான் ஆகிவிட்டார். வயதில் சின்னவர்கள்கூட மச்சான் சார் என்பார்கள். மச்சான் ஒவ்வொரு குளிர்காலமும் அக்கா புருஷனின் முதுகுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுவிட்டு, ரயில் நிலைய வண்டியை எடுத்துக்கொண்டு போவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கோடையில் எல்லா ஓட்டுநர்களும் தங்கள் பக்கத்துக் கண்ணாடியின் மேல்பாதியில் ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொள்வார்கள், வெயில் அடிக்காமல் இருக்க. குளிர்காலப் பட்டியல் நாளன்று எல்லாத் துண்டும் அவிழும். துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைப்பார்கள். வரிசையாக நிற்கிற எல்லா பஸ்களிலும் துண்டு அவிழ்ந்தால் குளிர் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் காலண்டர் பார்ப்பதே இல்லை.

வெயிலண்ணனின் முகத்தைப் பற்றி ஒரு கண்டக்டர் சொன்ன ஜோக் பணிமனையில் பிரபலம். "இந்தப் பக்கம் பாத்தா தம்பி, அந்தப் பக்கம் பாத்தா அண்ணன்" என்பான். உண்மைதான். இடது கன்னம் வழுவழுவென்று நாற்பது வயதுக்காரனுடையது மாதிரி இருக்கும். வலது கன்னம் கறுத்து, தடித்து, கண்ணோரத்திலிருந்து தாடை வரை கோடு கோடாக இறங்கியிருக்கும். வெயிலண்ணனும் சிரிப்பார். மழிக்கிற கத்தி அந்தப் பக்கம் மட்டும் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்த வலது கன்னத்தில், கீழ் இமைக்கு ஒரு விரல் கீழே, ஒரு சின்ன முண்டு வந்தது. மிளகு அளவு இருக்கும். பளபளவென்று இருந்தது, பிறகு பொருக்குத் தட்டியது, பொருக்கு உதிர்ந்து லேசாக ரத்தம் கசிந்தது, மறுபடியும் பொருக்குத் தட்டியது. மழிக்கும்போது பட்டுவிட்டது என்றார். ஒரு வருஷம் முழுக்க அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி, அதாவது அவருடைய மனைவி, ஆறாத புண் என்ன புண் என்று நச்சரித்து, கடைசியில் ஒரு விடுமுறை நாளில் அவரைத் தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

மருத்துவர் ஒரு பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த பதில், தோல் புற்று. உயிருக்கு ஆபத்தான வகை இல்லை, உடம்பெல்லாம் பரவுகிற ஜாதியும் இல்லை, ஆனால் இருந்த இடத்திலேயே வேர் விட்டுக்கொண்டு போகும் என்றார். உடனே எடுத்தால் ஒரு தழும்போடு போய்விடும். இமை வரை போக விட்டால் இமையையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும். கண் மூடாமல் போய், நீர் வடிந்துகொண்டே இருந்தால், கண் பரிசோதனையில் தள்ளுபடி. ஓட்டுநருக்கு அதற்கப்புறம் ஸ்டியரிங் கிடையாது. பணிமனை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். வெயிலண்ணனுக்கு ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கி. புற்று என்ற வார்த்தைக்குக்கூட அவர் அசையவில்லையாம், நாற்காலி என்றதும்தான் முகம் மாறியதாம். இதெல்லாம் அண்ணி எனக்குப் பிறகு சொன்னது.

அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை. அது குளிர்காலப் பட்டியல் நாள்.

மூன்று நாள் முன்னால் வெயிலண்ணன் என் அறைக்கு வந்தார். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வாசலிலேயே நின்று தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை நான் வர முடியாது. என் பேருக்கு நேரா ஏரிக்கரைன்னு நீயே போட்டுடேன்."

என்ன விஷயம் என்று கேட்டேன். கன்னத்தில் இருப்பதை எடுக்க வேண்டுமாம், சின்ன வேலைதான் என்றார். புற்று என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எழுதியிருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"அண்ணே, இன்னைக்கு உங்களுக்கு எழுதினா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். விதின்னா எல்லாருக்கும்தான்" என்றேன்.

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அதுவும் சரிதான் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். எனக்கு அப்போது மனதில் ஒரு உறுத்தலும் இல்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. வெயிலண்ணனுக்கே வளையாத விதி.

திங்கட்கிழமை காலை வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றார். 'ஏரிக்கரை' என்றார், எழுதினேன். மருத்துவமனையில் அடுத்த தேதி மூன்று மாதம் தள்ளித்தான் கிடைத்தது. அது எனக்குத் தெரியாது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் பிளாஸ்திரியோடு ஏரிக்கரையில் ஓட்டினார். மருத்துவர் சொன்னதையெல்லாம் அவர் தன் பாணியில் புரிந்துகொண்டிருந்தார். வெயிலில் கெட்டது என்றால் அது கோடை வெயில் செய்த வேலையாகத்தான் இருக்கும், குளிர்கால வெயில் பாவம் என்ன செய்யும், நல்லதுதானே என்று. அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்களில் எவனைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம்.

அறுவை முடிந்த மறுநாள் பார்க்கப் போனேன். முகத்தில் பாதிக்குக் கட்டு. கீழ் இமையில் பாதியை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். நான் இருக்கும்போதே மருத்துவர் வந்தார். வேலை விவரமெல்லாம் கேட்டார். எந்தத் திசையில் ஓட்டுவீர்கள், கண்ணாடி மூடியிருக்குமா, திறந்திருக்குமா என்று ஒவ்வொன்றாக. வெயிலண்ணனால் வாயை அசைக்க முடியவில்லை, அதனால் நான் பதில் சொன்னேன். துண்டு கட்டும் வழக்கத்தையும் சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"கோடையில நடுப்பகல்ல சூரியன் தலைக்கு மேல நிக்கும். கூரை மறைச்சுடும், பக்கத்துக் கண்ணாடி வழியா அவ்வளவா வராது. அப்ப துண்டு கட்டறீங்க. குளிர்காலத்துல தாழ வந்து நேரா கன்னத்துல விழுது. அப்ப அவுத்துடறீங்க. தலைகீழா பண்ணியிருக்கீங்க."

அப்புறம் நிதானமாக விளக்கினார். வெயிலில் தோலைச் சிவக்கவைக்கிற பகுதியைக் கண்ணாடி பெரும்பாலும் நிறுத்திவிடும். ஆழமாக இறங்கி மெதுவாகக் கெடுக்கிற பகுதி ஒன்று உண்டு, அது பக்கத்துக் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். கோடையில் சுளீர் என்றால் மனிதன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். குளிரில் இதமாக இருப்பதால் முகத்தைக் காட்டிக்கொண்டே இருப்பான். கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு கொஞ்சம் அதிகம், ஆனால் இத்தனை குளிர்காலத்துக்கு அதுவும் ஈடுகொடுக்காது. மூன்று மாதம் தள்ளிப் போட்டதால்தான் இமை போனதா என்று நான் கேட்டேன். அப்படி அளந்து சொல்ல முடியாது என்றார். முன்னால் வந்திருந்தால் குறைவாக வெட்டியிருப்பேன், அவ்வளவுதான் தெரியும் என்றார்.

வெளியே வராந்தாவில் அண்ணி பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"தம்பி, நீங்க ஒரு வரி எழுதியிருந்தா இந்த மூணு மாசம் மிச்சமாயிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திரும்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அன்று பிற்பகல் அலுவலகத்துக்குத் திரும்பி, அலமாரியிலிருந்து அவருடைய கோப்பை எடுத்தேன். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அடையாள அட்டையைப் புதுப்பிப்போம், பழைய அட்டையைக் கோப்பில் போட்டுவைப்போம். ஆறு அட்டைகள் இருந்தன. மேஜையில் வரிசையாக வைத்தேன். முதல் அட்டையில் இரண்டு கன்னமும் ஒரே ஆளுடையவை. மூன்றாவதில் வலது பக்கம் கொஞ்சம் முன்னால் போய்விட்டது. ஆறாவதில் ஒரே சட்டைக் காலருக்கு மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் படங்களில் மூன்றை நானே கத்தரித்து ஒட்டியவன். ஒட்டும்போது ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து வெயிலண்ணன் வேலைக்குத் திரும்பினார். கண் பரிசோதனையில் தேறிவிட்டார், மயிரிழையில். அந்த இமை முழுதாக மூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்குட்டையால் ஒற்றிக்கொள்ள வேண்டும். பெரிய கறுப்புக் கண்ணாடி, காது வரை இறங்குகிற தொப்பி, முழுக்கைச் சட்டை. முகத்துக்கு ஒரு களிம்பு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு தடவை தடவச் சொல்லியிருந்தார்கள். அவருக்குத் தேய்க்கத் தெரியாது. சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி அப்பிக்கொண்டு வருவார். கண்டக்டர்கள், அண்ணன் நாடகத்துக்குக் கிளம்பிட்டார் என்று சிரித்தார்கள். அவரும் அதே பழைய சிரிப்பைச் சிரித்தார், ஆனால் வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் மேலே போனது.

அடுத்த குளிர்காலப் பட்டியல் நாள் வந்தது. வழக்கம்போலத் துண்டுகள் அவிழ்ந்தன, வெயிலண்ணனுடையதைத் தவிர. அவர் இனி ஏரிக்கரைப் பக்கம் போக மாட்டார், சந்தை வண்டியைக் கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும். சந்தை வண்டி காலையில் தெற்கே, பிற்பகலில் வடக்கே, ஓட்டுநர் பக்கம் சொட்டு வெயில் விழாது. எவனும் தொடாத வண்டி. மச்சான் புதிதாக முடி வெட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி நின்றிருந்தார். இருபது வருஷக் காத்திருப்பு. எனக்கும் அவரைப் பார்க்கச் சிரிப்பாக வந்தது.

வெயிலண்ணன் மேஜைக்கு வந்தார். "ஏரிக்கரை" என்றார்.

பேனா என் கையிலேயே நின்றது. மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏன் மாமா, வெட்டி எடுத்தும் ஆசை விடலையா?"

"ஆசை இல்லப்பா. நான் விட்டா நீ எடுப்ப."

"எடுப்பேன். எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

"அதான் விடலை."

நீங்கள் மட்டும் இத்தனை வருஷம் குளிர் காய்ந்துவிட்டு, எங்கள் முறை வரும்போது ஞானம் பேசுகிறீர்களா என்று மச்சான் கத்தினார். உங்களுக்கு வந்தால் எனக்கும் வர வேண்டுமென்று சட்டமா என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் இந்தப் பேச்சு ஆறு மாதமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது, அண்ணி இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறார். துண்டு கட்டு, களிம்பு தடவு என்று வெயிலண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். துண்டு கட்டிக்கொண்டு ஓட்டுவதற்கு ஏரிக்கரை எதற்கு என்று மச்சான் கேட்டாராம்.

வெயிலண்ணன் தொப்பியைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினார். "கிட்ட வந்து பாரு" என்றார்.

மச்சான் வந்தார். ஒட்டிய தோல் வேறு நிறத்தில் சுருங்கியிருந்தது. கீழ் இமை சற்றே வெளிப்பக்கம் மடிந்து, உள்ளே இருக்கும் சிவப்பு தெரிந்தது. அதிலிருந்து நீர் இறங்கிக் களிம்பில் ஒரு கோடு போட்டது. வாரம் தவறாமல் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவர்தான். ஆனாலும் இதை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான் என்று அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

"எனக்கு வராமலும் இருக்கலாம்ல, மாமா" என்றார், குரல் இறங்கிவிட்டது.

"இருக்கலாம். எனக்கும் இருபது வருஷம் வராமத்தான் இருந்தது."

எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. என் விதிப்படி முதல் ஆள் விட்டதை இரண்டாம் ஆள் எடுப்பான், இரண்டாம் ஆள் விட்டால் மூன்றாம் ஆள். அந்த வண்டியிலிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற வெயிலண்ணனுக்கு இருந்த ஒரே வழி, அதைத் தானே எடுத்துக்கொள்வது. பாதி இமையோடு, இன்னும் இரண்டு குளிர்காலம், அதே பக்கம், அதே வெயில். அவர் மருத்துவரின் பேச்சை மறந்துவிட்டு அதைச் செய்யவில்லை. என் தாளில் இருக்கும் ஒன்பது விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டுச் செய்தார்.

பட்டியலின் தலைப்பில் வண்டிகளின் பெயர்களை முன்கூட்டியே முத்து முத்தாக எழுதிவைத்திருந்தேன்; அதில் ஏரிக்கரை என்ற வரியின் மேல் ஸ்கேல் வைக்காமல் ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'முறை வைத்து, ஆளுக்கு ஒரு வாரம். துண்டு கட்டாமல் வண்டி வெளியே போகாது.' நாற்பத்தொரு பேருக்குப் பங்கு வைத்தால், ஒருவனுக்கு இரண்டு குளிர்காலத்துக்கு ஒரு வாரம்தான் வரும். நாற்பத்திரண்டாவது ஆளான வெயிலண்ணனுக்கு வராது. பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. மச்சான் திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது.

வெயிலண்ணன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் என் பட்டியலில் அடித்தலை அவர் பார்த்ததில்லை.

"இதுக்கு விதியில இடம் இருக்கா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"நான் எழுதின விதிதானேண்ணே" என்றேன். "போன வருஷமே அடிச்சிருக்கலாம்."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார், அது எப்போதும் செய்வதுதான். கண்ணாடியை மாட்டினார், தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சரி, அப்ப எனக்குச் சந்தை வண்டியைப் போடு" என்றார்.

எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. திருத்தாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.